மின் மிதிவண்டியின் எடை எங்கே உறுத்துகிறது?

ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் வழக்கமான மின் மிதிவண்டி 22 முதல் 28 கிலோ வரை எடையுள்ளது. அண்மைக் காலத்தில் 15 கிலோவை ஒட்டிய மாடல்களும் விற்பனைக்கு வந்திருப்பதால், அறுபதைக் கடந்தும் சைக்கிளை விடாமல் ஓட்டுபவர்களுக்கு இயல்பாகவே அவற்றின் மீது ஆவல் எழுகிறது. ஆனால் எடை குறைவது எந்த நேரத்தில் உண்மையில் உதவுகிறது, அதற்காக எவையெல்லாம் குறைக்கப்பட்டுள்ளன என்ற இரண்டையும் அறிந்த பிறகே வாங்குவது நல்லது.

முதலில் மேட்டைப் பார்ப்போம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில், 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார் என்று கொண்டால், 23 கிலோ வண்டிக்குச் சுமார் 220 வாட்டும், 15 கிலோ வண்டிக்குச் சுமார் 200 வாட்டும் தேவைப்படும். இந்த 20 வாட் வித்தியாசத்தை மோட்டார் எளிதாக ஈடுகட்டிவிடும். சமதரையில் காற்றின் எதிர்ப்பே பெரும்பங்கு வகிப்பதால், வித்தியாசம் ஓரிரு வாட்டுகளாகச் சுருங்கிவிடும். ஆகவே மோட்டார் இயங்கிக்கொண்டிருக்கும் வரை, எட்டுக் கிலோ கூடுதல் என்பது ஓட்டுபவரின் காலுக்குப் பெரும்பாலும் தெரியாது.

வண்டி நின்ற பிறகுதான் அது தெரியும். வாசற்படியில் தூக்கி ஏற்றும்போதும், குறுகிய நடைவழியில் திருப்பி நிறுத்தும்போதும், சிக்னலில் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும் வண்டியைப் பிடித்து நிமிர்த்தும்போதும் மோட்டாரால் பயன் இல்லை. முதுமையில் தசையின் வலுவைவிட, அந்த வலுவைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன்தான் விரைவாகக் குறைகிறது. விரைந்து சுருங்கும் தசை நார்கள் மெலிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சாயும் வண்டியை நிமிர்த்துவதற்குத் தேவைப்படுவது அந்தச் சட்டென்ற வலுவேதான்.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் விழுதல்கள் மூத்த மின் மிதிவண்டி ஓட்டுநர்களிடம் கவனிக்கத்தக்க அளவில் இருப்பதை நெதர்லாந்தில் நடந்த விபத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் எடையைவிட ஃபிரேமின் வடிவத்துக்கே நான் முதலிடம் தருவேன். நம் ஊரில் லேடீஸ் சைக்கிள் என்று சொல்லப்படும், குறுக்குக் கம்பி தாழ்ந்த அமைப்பில் காலைப் பின்பக்கமாக உயர்த்திச் சுழற்ற வேண்டியதில்லை. மேல் கம்பி இல்லாத குறையைத் தடித்த குழாயால் ஈடு செய்ய வேண்டியிருப்பதால் இது சற்று எடை கூடுதலாக இருக்கலாம்; இருந்தும் இடுப்பு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் எடை ஏற்கத்தக்கதே.

எடையைக் குறைக்க முதலில் சிறிதாக்கப்படுபவை மோட்டாரும் பேட்டரியும். இதில் கடைக்காரர்கள் அதிகம் விளக்காத ஒரு நுட்பம் உண்டு. மோட்டாரின் திறன் என்பது அதன் முறுக்கு விசையையும் (அச்சைச் சுழற்றும் வலு) சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. பெடல் அச்சில் பொருத்தப்படும் மோட்டார், நாம் பெடல் சுற்றும் வேகத்துக்கு ஏற்பவே சுழல்கிறது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் எஸ்எல் 1.1 என்ற இலகு மோட்டாரின் முறுக்கு விசை 35 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவருக்கு அது சுமார் 220 வாட் வரை தரமுடியும். நிமிடத்துக்கு 40 சுற்று மட்டுமே மிதிப்பவருக்கோ 150 வாட்டைத் தாண்டாது. நீண்ட காலமாகக் கனமான கியரில் மெதுவாக மிதித்துப் பழகியவர், இலகு வண்டியை வாங்கி மேட்டில் ஏறும்போது "மோட்டார் இழுக்கவில்லை" என்று குறைப்படுவதற்கு இதுவே காரணம். குறைந்த கியருக்கு மாறி விரைவாகச் சுற்றினால் குறை தீர்ந்துவிடும். முழங்காலுக்கும் அது நல்லது. அப்படிச் சுற்ற இயலாதவர், எடை சற்று கூடினாலும் 50 நியூட்டன் மீட்டரோ அதற்கு மேலோ உள்ள மோட்டாரைத் தேடுவது பொருத்தம். ஜெர்மனியின் டிகியூ நிறுவனத்தின் எச்பிஆர் 50 மோட்டார், 1.85 கிலோ எடையிலேயே 50 நியூட்டன் மீட்டர் தருகிறது.

சென்சாரும் அதே அளவு முக்கியம். பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் அறியும் சென்சார் உள்ள வண்டியில், மோட்டார் சற்றுத் தாமதித்து, பிறகு ஒரே தள்ளாகத் தள்ளும். கால் நின்ற பின்பும் கணநேரம் இழுக்கும். திருப்பத்தில் மெதுவாகச் செல்பவரை இது தடுமாற வைக்கும். இந்தியாவில் விற்பனையாகும் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்த வகையே இருக்கிறது. காலின் அழுத்தத்தையே அளக்கும் சென்சார் இருந்தால், எவ்வளவு மிதிக்கிறோமோ அதற்கு இசைவாக உதவி கூடியும் குறைந்தும் வரும். சமநிலை குறித்த அச்சம் உள்ளவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பேட்டரியைப் பொறுத்தவரை கணக்கு எளிது. 320 வாட் மணி பேட்டரியிலிருந்து மோட்டார் சராசரியாக 100 வாட் எடுத்தால் மூன்று மணி நேரம் ஓடும். பெரும்பாலான முதியவர்களின் ஒரு நாள் ஓட்டத்துக்கு இது போதும். ஆனால் இலகு வண்டிகள் பலவற்றில் பேட்டரி ஃபிரேமுக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும் என்பதால், சார்ஜ் செய்ய வண்டியையே மின் இணைப்பு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில் வசிப்பவருக்கு, 15 கிலோ வண்டியைத் தூக்குவதைவிட, 20 கிலோ வண்டியைக் கீழே பூட்டிவிட்டுப் பேட்டரியை மட்டும் கழற்றி எடுத்துச்செல்வது எளிதாக இருக்கும்.

சோதனை ஓட்டத்துக்குச் சமதரை போதாது. பாதி மேட்டில் நிறுத்தி, இறங்கி, மீண்டும் ஏறிப் புறப்பட்டுப் பாருங்கள். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் மிதித்து, கடையின் படியில் வண்டியை ஒருமுறை நீங்களே தூக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.