பெரியவர்களுக்குக் குடல் செருகிக்கொண்டால்

குடலுக்குள் குடல் நுழைந்துகொள்வது கைக்குழந்தைகளுக்கு வரும் பிரச்சினை என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்த நோய் வருபவர்களில் சுமார் 5 சதவீதம் பேர்தான் பெரியவர்கள். ஆனால் அப்படி ஒருவர் வந்தால், அறுவை சிகிச்சை செய்யும் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம், உள்ளே கட்டி இருக்குமோ என்பதுதான்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் எதுவும் தென்படாது. பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு காரணம் இருக்கும். சிறுகுடலில் என்றால் அது கொழுப்புக் கட்டி போன்ற சாதாரணக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெருங்குடலில் என்றால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய்தான் காரணம்.

குடல் உணவைத் தள்ளுவதுபோலவே உட்சுவரில் முளைத்த கட்டியையும் முன்னால் தள்ளுகிறது. கட்டியோடு சுவரும் சேர்ந்து, சட்டைக் கை உள்பக்கமாக இழுபடுவதுபோல, அடுத்த பகுதிக்குள் போய்விடுகிறது. ரத்தக் குழாய்களும் கூடவே நசுங்குகின்றன. நீண்ட நேரம் அப்படியே இருந்தால் அந்தக் குடல் அழுகிவிடும்.

ஏமாற்றுவது இதன் வலிதான். பெரியவர்களுக்குப் பல நேரம் பாதை முழுதாக அடைபடுவதில்லை. முறுக்கிப் பிடிக்கும், வாந்தி வரும், சில மணி நேரத்தில் விட்டுவிடும். இப்படியே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட. 'கேஸ்' என்று மாத்திரை போட்டுக்கொண்டு, மலத்தில் ரத்தம் வந்தால் 'மூலம்' என்று தாங்களே முடிவு செய்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஐம்பதைக் கடந்த ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை என்றால் மாத்திரையோடு நிறுத்தக் கூடாது. ரத்தம் எங்கே கசிகிறது என்று கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்து பார்க்க வேண்டும். எடை குறைவது, மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, இவையும் அப்படித்தான்.

சி.டி. ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் சிறுகுடலில் சின்னதாகச் செருகல் தெரிந்து, தொந்தரவும் கட்டியும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் தானாகவே விலகிவிடும்.

"குழந்தைக்கு ஆசனவாய் வழியாகக் காற்று செலுத்திச் சரி பண்ணினாங்களே டாக்டர், அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெருங்குடலில் செருகியதை இழுத்து விடுவித்தால் குடல் கிழியலாம், புற்றுநோய் அணுக்கள் சிதறலாம். விடுவித்தாலும் கட்டி அங்கேயேதான் இருக்கும். அதனால் பெரும்பாலும் பிரிக்காமலே அந்தப் பகுதியை, புற்றுநோய் பரவக்கூடிய பக்கத்துச் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களோடு வெட்டி எடுக்கிறோம். குறைந்தது 12 கணுக்களையாவது பரிசோதித்தால்தான் நோய் பரவிய அளவைச் சரியாகச் சொல்ல முடியும். கீமோ தேவையா என்பதும் அப்புறம் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 ஆண்டு முன்னதாக, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். தொந்தரவு ஏதும் இல்லாவிட்டாலும்.