கறிவேப்பிலை மரத்துக்கு உங்களைத் தெரியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றி, குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில், தமிழர் வீட்டு முற்றங்களில் கறிவேப்பிலை மரம் பரவலாக நிற்கிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள். செடிகளைப் பற்றிய நம்பிக்கைகளும் அந்த வழியிலேயே எங்களிடம் வந்து சேர்ந்தன. கைராசி உள்ளவர் நட்டால்தான் கன்று பிழைக்கும். விளக்கு வைத்த பிறகு இலை பறிக்கக் கூடாது. தீட்டு நாட்களில் பெண்கள் தொட்டால் மரம் பட்டுப்போகும். தினமும் பேசி வளர்த்தவர் இறந்தால் மரமும் வாடும்.

இவை எல்லாவற்றின் அடியிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: பக்கத்தில் வருபவரைச் செடி அறிகிறது. தாவரவியல் இதை முழுதாக மறுப்பதில்லை. நீங்கள் தொட்டதும், நிழல் விழச் செய்ததும், இலையைக் கிள்ளியதும் செடிக்குத் தெரிகிறது. செய்தவர் நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதை அது அறிந்துகொள்கிறது என்பதற்குத்தான் எந்தச் சான்றும் இல்லை.

தொடு உணர்விலிருந்து தொடங்குவோம். தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்கள் என்று வகுத்து, உற்று அறிவதே அந்த ஓரறிவு என்கிறது. தோலும் நரம்பும் இல்லாத ஓர் உயிருக்குத் தொடுதல் எப்படித் தெரியும்? தாவர உயிரணுவுக்குள் நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைவிட அது பல சமயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். விரல் லேசாக அழுத்தினாலும் உயிரணுவின் சவ்வு இழுபடுகிறது. இழுபட்டால் திறக்கும் நுண்ணிய வாயில்கள் சவ்வில் உண்டு. அவை திறந்ததும் கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. கால்மாடுலின் போன்ற புரதங்கள் அந்தக் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, தூங்கிக் கிடக்கும் மரபணுக்களை எழுப்புகின்றன.

இது தெரியவந்ததும் எதிர்பாராமல்தான். ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் மீது வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்து, எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று பார்த்தார்கள். ஒப்பிடுவதற்காக வெறும் தண்ணீர் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் விழித்திருந்தன. ஹார்மோனுக்கு அதில் பங்கில்லை. துளிகள் இலையில் பட்டதே காரணம். கையால் தொட்டாலே போதும் என்று பிறகு தெரிந்தது. 10 முதல் 30 நிமிடங்களுக்குள் அந்த மரபணுக்களின் செயல்பாடு 100 மடங்கு வரை உயர்ந்தது. 1990இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு எந்த இலையையும் கவனிக்காமல் தடவிவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.

தடவுவது செடிக்கு இதமாக இருக்கும் என்று நாம் கற்பனை செய்கிறோம். உண்மை வேறு. அடிக்கடி தொடப்படும் செடி குட்டையாகவும் தடித்தும் வளர்கிறது, பூப்பதும் தள்ளிப்போகலாம். மொர்டெகாய் ஜாஃபி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1973இல் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார். அவர் பயன்படுத்திய செடிகளில் பீன்ஸும் ஒன்று. தண்டை விரல்களால் தேய்த்துவிட்டே ஆய்வு செய்தார். ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொடுதல் நடந்த அரை மணி நேரத்துக்குள் செடியின் மரபணுக்களில் சுமார் 10 சதவீதம் செயல்பாட்டில் மாறுகின்றன. தொடர்ந்து தொட்டால் வளர்ச்சி 30 சதவீதம் வரை குறையலாம். செடி இதை வீணாகச் செய்யவில்லை. இயற்கையில் ஓயாமல் அசைப்பது காற்றுதான். காற்று வீசும் இடத்தில் நெடிதுயர்ந்து நிற்பது ஆபத்து. டர்பன் கடற்கரை மணல்மேடுகளில் புதர்கள் கத்தரித்து விட்டதுபோல் தாழ்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உப்புக்காற்றின் எரிப்பும் சேர்ந்திருக்கிறது என்றாலும், அசைவுக்குச் செடி தரும் இந்த எதிர்வினைக்கும் பங்கு உண்டு.

தொட்டாற்சுருங்கி விஷயத்தில் இதே ஏற்பாடு கண்முன்னே நடக்கிறது. இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். தொட்ட இடத்திலிருந்து கால்சியமும் மின் துடிப்பும் காம்பு வழியே ஓடி அந்தப் புடைப்பை எட்டியதும், அதன் ஒரு பக்கத்து உயிரணுக்கள் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விடுகின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. அழுத்தம் இழந்த பக்கம் தளர்கிறது, இலை மடிகிறது. எதற்காக இந்தப் பாடு? ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகத்தில் மசாட்சுகு டொயோட்டாவின் குழு அசையவே முடியாத தொட்டாற்சுருங்கிகளை உருவாக்கி வெட்டுக்கிளிகளிடம் விட்டது. அசையும் செடிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு அவை தின்னப்பட்டன. 2022இல் இது வெளியானது. நம் குழந்தைகள் விளையாட்டாகத் தொடும்போதும் அந்தச் செடி வெட்டுக்கிளிக்கு வைத்திருக்கும் தற்காப்பையே காட்டுகிறது.

மின் துடிப்பு என்றதும் ஜகதீஷ் சந்திர போஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1901இல் லண்டன் அறிஞர்கள் முன்னிலையில் தாவரங்களின் மின் எதிர்வினையைக் காட்டியவர். தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் பல ஆண்டுகள் அளந்தார். அந்தக் காலத்தில் அவர் பேச்சை ஏற்க மறுத்தவர்கள் பலர். தாவரங்களில் மின் சமிக்ஞை ஓடுகிறது என்பதை இன்று எந்தப் பாடநூலும் மறுப்பதில்லை. ஆனால் அவருடைய பெயரோடு வேறொரு கதையையும் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அது 1966இல் அமெரிக்காவில் நடந்தது. பொய் கண்டுபிடிக்கும் கருவியை இயக்குவதில் வல்லவரான கிளீவ் பேக்ஸ்டர் அதைத் தம் அலுவலகத்துச் செடியில் பொருத்தி, இலையைக் கொளுத்த வேண்டும் என்று தாம் நினைத்த நொடியிலேயே முள் துள்ளியதாகச் சொன்னார். பக்கத்தில் இறால்கள் சாகும்போதும் செடி துடித்ததாக எழுதினார். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டுப்பாடுகளை இறுக்கிச் செய்து பார்த்து, அப்படி எதுவும் நிகழவில்லை என்று 1975இல் அறிவித்தார்கள். மனத்தில் நினைத்ததைச் செடி படிக்கிறது என்று கைப்பேசியில் வரும் காணொளிகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. உண்மையான கால்சியமும் மின் துடிப்பும் இருக்க, இந்தப் பொய்யான அற்புதம் நமக்கு எதற்கு?

செடியால் யாரையுமே அடையாளம் காண முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். சிலரை மிகத் துல்லியமாகக் காண்கிறது. இங்கே மீலி என்று நாங்கள் சொல்லும் மக்காச்சோளத்தைப் புழு தின்னும்போது அதன் எச்சில் இலையில் படுகிறது. அந்த எச்சிலில் உள்ள வோலிசிட்டின் என்ற பொருளை 1997இல் பிரித்தெடுத்தார்கள். அது பட்டால் மக்காச்சோளம் ஒரு மணக்கலவையை வெளியிடுகிறது. புழுவின் உடலில் முட்டையிடும் குளவிகள் அந்த மணத்தைத் தேடி வருகின்றன. எச்சில் இல்லாமல் இலையைக் கிழித்தால் அதே அளவு மணம் கிளம்புவதில்லை. தன்னைத் தின்பவரை அறிவதற்குச் செடி காலம் காலமாகப் பழகியிருக்கிறது. நம் விரல்களை அறிய அதற்குத் தேவை வந்ததில்லை.

விரல்கள் கிள்ளுவதற்கும் பதில் உண்டு. கிளையின் நுனி மொட்டிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனியோடு ஒரு கொத்தைக் கிள்ளினால் அந்த ஓட்டம் நிற்கிறது. அடங்கிக் கிடந்த மொட்டுகள் கிளைக்கின்றன. தினமும் ரசத்துக்கும் குழம்புக்கும் கிள்ளப்படும் மரம் புதர்போல் அடர்ந்து தழைப்பதும், யாரும் தொடாத மரம் ஒற்றைக் கொம்பாக உயர்ந்துபோவதும் இதனால்தான். கைராசி என்று நாம் சொல்வதில் ஒரு பாதி இது என்பேன். மறு பாதி கண்ணில் இருக்கிறது. தினமும் மரத்தடிக்குப் போகிறவருக்கு மாவுப்பூச்சியும் காய்ந்த மண்ணும் முதல் நாளே தெரிந்துவிடும்.

தின்பவருக்கு எதிராக மரம் காட்டும் தற்காப்புக்குத் தென்னாப்பிரிக்காவிலேயே கடுமையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1980களில், அப்போதைய டிரான்ஸ்வால் மாகாணத்தில், வேலியிட்ட விலங்குப் பண்ணைகளில் குடு எனப்படும் முறுக்குக்கொம்பு மான்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. வயிறு நிறைய இலை இருந்தது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வௌட்டர் வான் ஹோவன் அந்த இலைகளில் டானின் என்ற துவர்ப்புப் பொருளின் அளவு மிக அதிகமாக இருப்பதைக் கண்டார். கடிக்கப்படும் வேலமரம் டானினை ஏற்றிக்கொள்கிறது; டானின் மிகுந்தால் இலை செரிக்காது. கிளைகளை மனிதர்கள் அடித்துச் சேதப்படுத்தியபோதும் டானின் சிறிது நேரத்தில் ஏறியது. அடிபட்ட மரத்திலிருந்து எத்திலீன் வாயு பரவிப் பக்கத்து மரங்களையும் எச்சரிக்கிறது என்றும் அவர் சொன்னார். அந்தப் பகுதி இன்னும் விவாதத்துக்குரியது. திறந்த வெளியில் ஒட்டகச்சிவிங்கி ஒரு மரத்தில் கொஞ்சம் மேய்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. வறண்ட குளிர்காலத்தில் வேலிக்குள் அடைபட்ட மானுக்கு வேறு மரமும் இல்லை, புல்லும் இல்லை. வேலியைப் போட்டவர்கள் மரத்தின் இந்தத் தற்காப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

பேச்சுக்கு வருவோம். அரபிடாப்சிஸ் செடிக்குப் புழு மெல்லும் அதிர்வைப் பதிவு செய்து கொடுத்தபோது, பின்னர் உண்மையான புழு தின்னும் வேளையில் அது தற்காப்பு வேதிப்பொருளை அதிகமாகச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கோ வேறொரு பூச்சியின் பாட்டுக்கோ அப்படிச் சுரக்கவில்லை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் 2014ஆம் ஆண்டு முடிவு இது. அதிர்வுகளைப் பிரித்தறியும் திறன் இருக்கிறது. அது பயன்படுவது புழுவுக்கு எதிராக. நம் அன்பான சொற்களுக்குச் செடி தழைக்கிறது என்று காட்டும் நம்பகமான ஆய்வு இல்லை. மூச்சில் உள்ள கரியமில வாயு உதவும் என்பார்கள். நாம் விடும் மூச்சில் அது சுமார் 4 சதவீதம், காற்றில் உள்ளதைப்போல் 100 மடங்கு. ஆனாலும் முற்றத்துக் காற்றில் அது நொடிகளில் கரைந்துவிடும்.

செடி எழுப்பும் ஒலியோ உண்மையானது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்டபடி, தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளிச் செடி மணிக்கு 30 முதல் 50 முறை மீயொலியில் சொடுக்குகிறது. நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி உடைவது காரணமாக இருக்கலாம். நல்ல நிலையில் உள்ள செடி மணிக்கு ஒரு முறைகூடச் சொடுக்குவதில்லை. நம் காதுக்கு எட்டாத ஒலி அது.

இருட்டிய பின் பறிக்கக் கூடாது என்பதில் செடியின் கடிகாரம் பற்றிய உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. புளியும் அகத்தியும் இரவில் இலை மடிக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் டி மெராங் 1729இல் தொட்டாற்சுருங்கி இனச் செடியைப் பகலிலும் இருட்டில் வைத்தார். அப்போதும் அது வேளை தவறாமல் இலை விரித்தது. ஆனால் மாலையில் ஒரு கொத்துக் கிள்ளினால் கறிவேப்பிலைக்குக் கேடு இல்லை. பச்சை மாம்பா மரமேறும் குவாசூலு-நேட்டால் கடற்கரையோரத்தில், மங்கலில் இலைகளுக்குள் கைவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையாக மட்டும் அதைக் கொள்ளலாம்.

தீட்டு விஷயத்தில் எனக்கு இரக்கமே இல்லை. நம் பாட்டிமார் மட்டுமல்ல, 1920இல் வியன்னாவின் புகழ்பெற்ற மருத்துவர் பேலா ஷிக்கும் மாதவிலக்கில் இருந்த பணிப்பெண் தொட்ட பூக்கள் வாடியதாக எழுதி, அதற்கு ஒரு நஞ்சைக் காரணம் காட்டினார். அப்படி ஒரு நஞ்சு இருப்பது நிரூபிக்கப்படவே இல்லை. இழுபடும் சவ்வுக்குத் தொடும் கை யாருடையது என்பதும், அன்று அவர் உடலில் என்ன நடக்கிறது என்பதும் தெரிய வழியே இல்லை. எங்கள் பெண்களைக் கறிவேப்பிலை மரத்திலிருந்து விலக்கி வைக்க மரத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

தமிழ் வகுப்பு நடத்துபவர்கள் பிள்ளைகளிடம் இதை ஒரு சோதனையாகவே கொடுக்கலாம். கடையில் கிடைக்கும் ஷுகர் பீன்ஸை மூன்று தட்டுகளில் விதையுங்கள். ஒரே மண், ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர். முதல் தட்டின் தண்டுகளைக் காலையும் மாலையும் விரல்களால் மெல்லத் தேய்க்க வேண்டும். இரண்டாவதிடம் பேசலாம், பாடலாம், தொடக் கூடாது. மூன்றாவதை விட்டுவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரங்களில் முதல் தட்டு குட்டையாகவும் தண்டு தடித்தும் நிற்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உயரத்தை அளக்கும்போது கவனம் தேவை. ஃபிராங்க் சாலிஸ்பரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் மருளூமத்தை இலைகளைத் தினமும் கையால் பிடித்து அளந்தபோது, அளக்கப்பட்ட இலைகளே வளராமல் பின்தங்கின. அதனால் தட்டின் பின்னால் சுவரில் கோடு போட்டு, செடியைத் தொடாமல் எட்ட நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.