செயற்கை இதயமா, இதயத் துணைப் பம்பா?

முற்றிய இதயச் செயலிழப்புக்கு உடலுக்குள் வைக்கும் பம்பை 'செயற்கை இதயம்' என்று சொல்வதை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சந்தையில் சொன்னால் சரி, விட்டுவிடலாம். கோயில் மண்டபத்து மருத்துவ முகாமில் கொடுக்கும் துண்டுத்தாளிலும் அதேதான்.

செயற்கை இதயம் என்றால், பழைய இதயத்தை எடுத்துவிட்டு அங்கே வைப்பது. 1982இல் அமெரிக்காவில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு வைத்த ஜார்விக்-7 அந்த வகை. அவர் 112 நாள் உயிரோடு இருந்தார். நாம் பேசும் பம்போ, இதயத்தை அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறது. இடது கீழறையின் நுனியில் பொருத்தப்பட்டு, அங்கிருந்து ரத்தத்தை இழுத்து, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனிக்குள் தள்ளும். வயிற்றுத் தோல் வழியாக ஒரு வயர் வெளியே வந்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பேட்டரிக்கும் போகும். வலது பக்க வேலையை நோயாளியின் சொந்த இதயமேதான் பார்க்க வேண்டும்.

'இதயத்தையே மாத்திட்டாங்க' என்று நம்பும் குடும்பம், அப்புறம் இதய மாத்திரை எதற்கு என்றுதான் கேட்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினை நிறுத்தினால் பம்புக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இப்போதைய பம்புகள் ரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளாமல் ஒரே ஓட்டமாகத் தள்ளுவதால், பலருக்கு மணிக்கட்டில் நாடி பிடிபடாது. இதையும் சொல்லி வைக்க வேண்டாமா?

சரி, வேறு என்ன பெயர் வைப்பது? இதயம் வடமொழி ஹ்ருதயம். நம் 'நெஞ்சு' மார்பையும் மனத்தையும் சேர்த்துக் குறிப்பதால் இங்கே உதவாது. பம்பு ஆங்கிலம். அவ்வளவுதான்.

தனித்தமிழ்க்காரர்கள் 'எக்கி' என்பார்கள். தோட்டத்து லயத்துப் பாட்டியிடம் எக்கி என்று சொன்னால் வயிற்றை எக்குவதைத்தான் நினைப்பார். 'இதய எக்கி' அவருக்கு ஏதோ உடற்பயிற்சி. 'இறைப்பி' கொஞ்சம் பரவாயில்லை, கிணற்றில் நீர் இறைத்தவருக்குப் புரியும். ஆனால் 'இதய இறைப்பி' என்றால் பக்திப் பாட்டின் முதல் வரி மாதிரி இருக்கிறது. மலாய்க்காரர்கள் 'பம்' என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். நமக்குத்தான் பம்பு என்றால் தீட்டு.

என் ஓட்டு 'இதயத் துணைப் பம்பு'வுக்கு. 'துணை' என்ற சொல்லே இதயம் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும்.

இன்னொரு தாளில் பேஸ்மேக்கரையும் 'செயற்கை இதயம்' ஆக்கியிருந்தார்கள். துடிப்பைச் சீராக்க மின்தூண்டல் கொடுக்கும் கருவி அது. ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடத் தள்ளாது. மொழிபெயர்க்கிறவர்கள் எழுதுவதற்கு முன் அந்தக் கருவியின் படத்தையாவது பார்த்துத் தொலைக்கலாம்.