பயிற்சியெண்: ‘முயற்சி மதிப்பு’ ஏன் பொருந்தாது?

போக்கிமான் என்ற உயிர்களைப் பிடித்து வளர்த்து மோதவிடும் போக்கிமான் ஆட்டத்தைத் தமிழில் விளக்க முன்வருகிறவர்கள், அவற்றின் வலுவைத் தீர்மானிக்கும் எண்களான ஈ.வி.யை (எஃபர்ட் வேல்யூ) ‘முயற்சி மதிப்பு’ என்றும், ஐ.வி.யை (இண்டிவிஜுவல் வேல்யூ) ‘தனிநபர் மதிப்பு’ என்றும் எழுதுகிறார்கள். காணொளிகளிலும் அப்படியே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இரண்டும் தவறு. காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஒரு பையன் “வேகத்துக்கு ஈவி ஏத்திகினு இருக்கேன்” என்றால் பக்கத்தில் இருப்பவனுக்கு உடனே விளங்கிவிடுகிறது. அதையே ‘வேகத்தின் முயற்சி மதிப்பை அதிகரித்தல்’ என்று எழுதிக் காட்டினால் அவனே விழிக்கிறான். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைவிடத் தமிழ்ச் சொல் மங்கலாக இருக்கிறதென்றால் குற்றம் மொழியினுடையது அல்ல, அந்தச் சொல்லை ஆக்கியவருடையது.

பொருளை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு போக்கிமானுக்கும் உயிர், தாக்குதல், தடுப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தடுப்பு, வேகம் என ஆறு வலுக்கள். திரையில் தெரிவது ஒவ்வொரு வலுவின் மொத்தத் தொகை மட்டுமே. அந்தத் தொகைக்குள் மூன்று எண்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது இனத்துக்கு உரியது: பிகாச்சு என்ற இனத்தில் சாதாரணமாக எதை எடுத்தாலும் வேகத்துக்கான இந்த எண் 90. இரண்டாவது, அந்த ஒரு பிகாச்சுவுக்கு மட்டும் பிறக்கும்போதே விழுவது. 0 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம். இதுதான் ஐ.வி. மூன்றாவது, நாம் வளர்க்க வளர்க்கச் சேர்வது, அதாவது ஈ.வி.; ஒரு வலுவுக்கு 252 வரை, ஆறுக்கும் சேர்த்து 510 வரை. நூறாம் லெவலில் நான்கு ஈ.வி.க்கு ஒரு புள்ளி கூடும். மூன்று எண்களையும் லெவலோடு சேர்த்துக் கணக்கிட்டால், அதே நூறாம் லெவலில் எந்த வளர்ப்பும் இல்லாத, பிறவியில் 0 விழுந்த பிகாச்சுவின் வேகம் 185. பிறவியில் 31 விழுந்து, 252-ம் நிரம்பிய பிகாச்சுவுக்கு 279. குணம் (ஆங்கிலத்தில் ‘நேச்சர்’) என்று இன்னொன்று இதன்மேல் பத்து சதவீதம் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே இனம், ஒரே லெவல், ஆனால் இவ்வளவு வித்தியாசம்.

இந்த முறை 2002-இல் ஜப்பானில் வெளியான ரூபி, சஃபையர் ஆட்டங்களில் அமைந்தது. அதற்கு முன் பிறவி எண் 15 வரைதான். ரூபி, சஃபையரில் ஒரு வலுவுக்கு ஈ.வி. 255 வரை ஏறும். 255-ஐ நான்கால் வகுத்தால் 3 மிஞ்சும், அந்த மூன்றும் வீண். 2013-இல் எக்ஸ், ஒய் என்ற ஆட்டங்கள் வந்தபோது 252 என்று வரம்பைக் குறைத்து அந்த வீணை நிறுத்தினார்கள்.

சொல்லின் பிறப்பும் ஜப்பானில்தான். அங்குள்ள ஆட்டக்காரர்கள் இம்மூன்றையும் ஷுசோகுச்சி, கோத்தாய்ச்சி, தோரியோகுச்சி என்கிறார்கள். இறுதியில் வரும் ‘ச்சி’க்கு அளவு, எண் என்று பொருள். ஷுசோகு இனம், கோத்தாய் தனி உடல், தனி உயிர், தோரியோகு உழைப்பு. ஆங்கிலத்தில் தோரியோகுச்சி ‘எஃபர்ட் வேல்யூ’ ஆயிற்று. அதிலிருந்து நம்மவர் அகராதியைத் திறந்து ‘முயற்சி’யை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் முயற்சி என்பது முயல்வது. பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். “முயற்சி பண்ணிப் பார்த்தேன்” என்று ஒருவர் சொன்னால், நடக்கவில்லை என்பதே பாதி நேரம் நாம் புரிந்துகொள்வது. தோரியோகுவில் இந்தச் சாயல் கிடையாது. அது விடாமல் பாடுபடுவது. ஈ.வி.யிலும் பலிக்காமல் போவது என்பதே இல்லை. மோதலில் ஜூபாட் என்ற போக்கிமானை வீழ்த்தினால் வேகத்தில் ஒன்று சேரும், வரம்பை எட்டும்வரை ஒவ்வொரு முறையும் சேரும். ஜியோடூட் தடுப்புக்கு ஒன்று, மச்சாப் தாக்குதலுக்கு ஒன்று. மாஜிகார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் துள்ளுவதைத் தவிர ஒன்றும் அறியாத மீன். அதை வீழ்த்த யார் என்ன முயல வேண்டும்? அதற்கும் வேகத்தில் ஒன்று உண்டு. எக்ஸ், ஒய்க்கு முந்தைய ஆட்டங்களில் எக்ஸ்ப் ஷேர் என்ற பொருளை வைத்துக்கொண்டு ஓரமாக இருந்த போக்கிமான் களத்தில் இறங்கியதே இல்லை, அதற்கும் ஈ.வி. சேர்ந்தது. புரோட்டீன், அயர்ன், கால்சியம் என்ற சத்துப் பொருள்களை ஆட்டத்துக்குள் கடையில் வாங்கிக் கொடுத்தால் ஒரு புட்டிக்குப் பத்து. இங்கே முயன்றது யார்?

இதையெல்லாம் பயிற்சி என்றால் பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும். நம் வேலூர்ப் பக்கம் தை பிறந்தால் மாடு விடும் திருவிழா. குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடந்த காளைக்குப் பரிசு. அதற்குக் காளையைத் தயார் செய்கிறவரிடம் போய் “பயிற்சி என்றால் என்ன?” என்று கேளுங்கள். ஓட்டிப் பழக்குவதை மட்டும் சொல்லமாட்டார். தீனியைச் சொல்வார், நீச்சலைச் சொல்வார், கூட்டத்தைக் கண்டு மிரளாமல் பழக்குவதையும் சொல்வார். பயில் என்ற வேருக்கே பழகுதல் என்ற பொருள் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது: முயல்வது மாடு, பயிற்றுவது மாட்டுக்காரர். ஈ.வி.யை எதில் ஏற்றுவது என்று முடிவு செய்வது ஆடுகிறவர்தானே! வேகத்தில் 252, தாக்குதலில் 252, மிச்சம் 6-இல் நான்கை உயிரில் போடு என்று கணக்குப் பார்க்கிறவர் அவர். அவர் செய்வதன் பெயர் பயிற்சி.

ஆகவே என் சொற்கள் இவை: இனவெண், பிறவியெண், பயிற்சியெண். அதிர்வெண், அணுவெண் என்று நம் பாடநூல்கள் நமக்குக் கொடுத்த அச்சு இது. புதிதாக எதையும் வளைக்க வேண்டியதில்லை. ‘மதிப்பு’ பிழையான சொல் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் எக்ஸின் மதிப்பு கண்டுபிடித்து வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாம். ஆனால் ‘தனிநபர்’ என்பதற்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஒருவருடைய சொத்துக் கணக்கோ மரியாதையோ நினைவுக்கு வருகிறது. அதுவும் நபர் என்றால் ஆள். பிகாச்சு ஆளா? கோத்தாய் என்ற சொல் உயிரைக் குறிக்கிறது, மனிதரைக் குறிக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘இண்டிவிஜுவல்’ என்று கண்டதும் கை தானாகத் ‘தனிநபர்’ என்று எழுதுகிறது. தனிநபர் வருமானம், தனிநபர் கடன் என்று செய்தித்தாளில் எழுதிப் பழகிய கை.

‘மரபணு மதிப்பு’ என்பாரும் உண்டு. கேட்க அழகு, ஆனால் பாதிதான் உண்மை. முட்டையிலிருந்து வரும் குட்டி, பெற்றோர் இருவரின் பன்னிரண்டு எண்களில் மூன்றைத்தான் பெறுகிறது. டெஸ்டினி நாட் என்ற முடிச்சைப் பெற்றோரில் ஒன்று வைத்திருந்தால், எக்ஸ், ஒய் தொடங்கி, ஐந்து. மிச்சம் குருட்டாம்போக்கில் விழுவது. புல்லில் எதிர்ப்படும் காட்டுப் போக்கிமானுக்கோ பெற்றோரே இல்லை. மரபு எங்கிருந்து வந்தது? பிறவி என்றால் இரண்டு வகைக்கும் சரியாக இருக்கும்.

ஆட்டத்துக்குள் ஈ.வி.க்கு ‘அடிப்படைப் புள்ளி’ என்ற பொருளில்தான் அதிகாரப்பூர்வமாகப் பெயர் இருக்கிறது, அதையே பெயர்க்கலாமே என்று ஒரு வாதம். கூடாது. இனவெண்ணை ஆங்கிலத்தில் ‘பேஸ் ஸ்டாட்’ என்பதால் அதையும் நம்மவர் ‘அடிப்படைப் புள்ளிவிவரம்’ ஆக்கிவிட்டார்கள். இரண்டு அடிப்படைகளுக்கு நடுவில் படிக்கிறவன் தொலைந்துபோவான். புள்ளிவிவரம் என்பது மக்கள்தொகைக் கணக்குக்கும் மழையளவுக்கும் உரிய சொல். ஓர் உயிரின் வேகத்தைப் புள்ளிவிவரம் என்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. வலு என்ற இரண்டெழுத்துச் சொல் கையில் இருக்கும்போது எதற்கு அது?

ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடிப் பார்க்காமல் பெயர்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். குணம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘இயற்கை’ என்று எழுதுகிறார்கள். குணத்தின் பலனை மாற்றும் ஒரு பொருளை ‘இயற்கையை மாற்றும் புதினா’ என்று ஒரு விளக்கத்தில் படித்தேன். போக்கிமான் கையில் வைத்திருக்கும் பொருள் ‘பிடித்த பொருள்’ ஆகிவிட்டது. படிக்கிற பிள்ளை, அதற்கு விருப்பமான பொருள் என்றே நினைத்துக்கொள்ளும். இப்படிப் பெயர்ப்பதைவிட ஈவி, ஐவி என்றே விட்டுவிடுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். லெவலையும் போக்கிமானையும் யாரும் பெயர்க்கச் சொல்லவில்லை. தவறான தமிழைவிடத் தெரிந்த கடன்சொல் மேல்.

பிறவியெண்ணுக்கு எதிராக வலுவான கேள்வி ஒன்றே ஒன்றுதான். 2016-இல் வந்த சன், மூன் ஆட்டங்களில் ஹைப்பர் ட்ரெய்னிங் என்று ஒன்று நுழைந்தது. அந்த ஆட்டங்களில் நூறாம் லெவல் போக்கிமானுக்கு ஒரு பாட்டில் மூடியைச் செலவழித்தால் ஒரு வலுவின் ஐ.வி. முப்பத்தொன்றுக்கு நிகராகிவிடும். பிறவியில் வந்தது மாறுகிறதே, பெயர் நிற்குமா என்று கேட்கிறார்கள். உண்மையில் எண் மாறுவதில்லை. பழைய எண் அப்படியே உள்ளே இருக்கிறது. வலுவைக் கணக்கிடும்போது மட்டும் 31 என்று வைத்துக் கணக்கிடுகிறது ஆட்டம். அந்தப் போக்கிமான் முட்டையிட்டால் குட்டிக்குப் போவது பழைய எண்தான்.