ஆர்ஏ ஃபாக்டரை மடித்து வையுங்கள், கையைக் காட்டுங்கள்

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்கு லேப் ரிப்போர்ட்டுகள். நான்கிலும் ஒரே வரியில் பேனாவால் வட்டம்: "ஆர்ஏ ஃபாக்டர் பாசிட்டிவ்". "போன மாசம் 42, இந்த மாசம் 38. குறைஞ்சிருக்கா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த மூட்டு வலிக்கிறது, எத்தனை நாளாக, காலையிலா மாலையிலா என்பதெல்லாம் நாமாகக் கேட்டால்தான் வருகிறது. ஆர்ஏ ஃபாக்டர் என்பது முடக்குவாதத்தைச் சந்தேகித்து எடுக்கும் ஓர் இரத்த டெஸ்ட். இந்தக் கவரோடு வருகிற பலருக்கு முடக்குவாதமே இருப்பதில்லை. இன்னொரு பக்கம், "நெகட்டிவ்" என்ற ஒரே வார்த்தையை நம்பி ஒரு வருடத்தை வீணடித்துவிட்டு, விரல் கோணிய பிறகு வருகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் கடுப்போடு.

கணக்குப் போட்டே பார்ப்போம். 1000 பேரை வரிசையில் நிறுத்தினால் அவர்களில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம் இருப்பவர் 7 அல்லது 8 பேர். அந்த நோய் உள்ளவர்களில் 70 முதல் 80 சதவீதத்தினருக்கு ஆர்ஏ ஃபாக்டர் பாசிட்டிவ் வரும். ஆக 5, 6 பேர். மீதியுள்ள 990 சொச்சம் பேரில் எந்த நோயும் இல்லாமலே சுமார் 5 சதவீதத்தினருக்கு பாசிட்டிவ் வரும். அது 50 பேர். வயது ஏற ஏற இந்த எண்ணிக்கை கூடும். சும்மா ஒரு "மாஸ்டர் செக்கப்"பில் ஆர்ஏ ஃபாக்டரைச் சேர்த்தால், ஒரு உண்மையான நோயாளிக்குப் பத்து பேரைப் பயமுறுத்துகிறோம். ஹெபடைட்டிஸ் சி, காசநோய், தொழுநோய், இதய வால்வில் கிருமித்தொற்று என எதிலும் அது பாசிட்டிவ் ஆகலாம். மறுபுறம், முடக்குவாதம் உள்ளவர்களிலேயே 20 முதல் 30 சதவீதத்தினருக்கு நெகட்டிவ்தான். நெகட்டிவ் என்பதற்காக மூட்டு அரிக்கப்படாமல் இருக்காது.

ஆன்ட்டி-சிசிபி இதைவிட நம்பகமான டெஸ்ட். பாசிட்டிவ் வந்தால் அதற்கு எடை அதிகம். ஆனால் அதுவும் தீர்ப்பு இல்லை. 2010-ல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில் மொத்தம் 10 மதிப்பெண். 6 வந்தால் முடக்குவாதம். அதில் இந்த இரண்டு டெஸ்ட்டுகளும் சேர்ந்து அதிகபட்சம் 3 மதிப்பெண்தான் தரும். மூட்டுகளுக்கு மட்டும் 5. அதைவிட முக்கியம், ஒரு மூட்டிலாவது வீக்கம் இருந்தால்தான் மதிப்பெண் போடவே ஆரம்பிக்க வேண்டும். வீக்கமே இல்லாதவருக்கு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மாத்திரை எழுதும் என் சக மருத்துவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று: ஆர்ஏ ஃபாக்டரின் எண் 42-லிருந்து 38 ஆனால் நோய் குறைந்ததாக அர்த்தம் இல்லை. நோயின் வேகத்தைப் பார்க்க 28 மூட்டுகளைத் தொட்டு எண்ணுகிறோம். கூடவே, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்த டெஸ்ட்டான இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி. ஆர்ஏ ஃபாக்டரை ஒரு தடவை பார்த்தால் போதும். மாதாமாதம் எடுப்பது லேபுக்கு மட்டுமே லாபம்.

ஏஎஸ்ஓ டைட்டர் என்ற இரத்த டெஸ்ட்டுக்கும் இதே கதை. அது எப்போதோ தொண்டையில் வந்துபோன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றின் தடம். இதை வைத்துக்கொண்டு நாற்பது வயதுக்காரருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடுவதை இன்னும் பார்க்கிறோம். யூரிக் ஆசிட் 7.5 இருந்தால் மட்டும் கவுட் (மூட்டில் யூரிக் ஆசிட் படிந்து வரும் நோய்) ஆகிவிடாது. கவுட் உச்சத்தில் இருக்கும்போது யூரிக் ஆசிட் நார்மலாகவும் காட்டலாம். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு கவுட் வருவது அரிது. அவருக்குப் பருப்பை நிறுத்தச் சொல்லும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, எதைத்தான் பார்ப்பது? முதலில் காலை நேரத்தை. எழுந்ததும் விரல்கள் விறைத்து, பல் துலக்க பேஸ்ட்டைப் பிதுக்க முடியாமல், இட்லித் தட்டைத் தூக்க முடியாமல், அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் உள்ளே அழற்சி இருக்கிறது. பத்து நிமிடத்தில் விட்டுப்போய், நாள் பூராவும் நடந்தபின் மாலையில் வலித்தால் பெரும்பாலும் தேய்மானம். அடுத்து எந்த மூட்டு என்பது. முடக்குவாதம் மணிக்கட்டையும், விரல் உள்ளங்கையோடு சேரும் கணுவையும், விரலின் நடுக் கணுவையும், பாதத்தின் முன்பகுதியையும் பிடிக்கும். நகத்தை ஒட்டிய கணுவைப் பொதுவாக விட்டுவிடும். அங்கே கெட்டியான முண்டு இருந்தால் தேய்மானம். நகத்தில் குழிகளும் தலையில் செதிலும் இருந்தால் சொரியாசிஸ் மூட்டுநோயைத் தேட வேண்டும்.

கை கொடுப்பதுபோல நோயாளியின் நான்கு விரல் கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து மெதுவாக அழுத்திப் பார்க்கிறோம். முகம் சுளித்தால் பாதத்திலும் அதையே செய்கிறோம். பிறகு ஒவ்வொரு கணுவாக இரண்டு கட்டைவிரலால் தடவினால், எலும்பு முண்டு கல்லாகத் தட்டுப்படும். அழற்சி வீக்கம் ஊறிய பஞ்சு மாதிரி அமுங்கும். முஷ்டியை மடக்கச் சொன்னால் விரல்நுனி உள்ளங்கையைத் தொடாது. இரண்டு மாதமாக மோதிரம் கழலவில்லை என்பதும் ஒரு தடயம்தான். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது, செலவும் கிடையாது.

கூடவே தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் தொழுநோய் மூட்டு வீக்கமாக வேடம் போட்டு வருவதுண்டு. வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல், சிறுநீரில் நுரை இதெல்லாம் சேர்ந்தால், அதுவும் இளம்பெண் என்றால், லூபஸை (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) நினைத்து அன்றைக்கே சிறுநீர்ப் புரதமும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் வலி இருக்கலாம், உண்மைதான். ஆனால் காய்ச்சல் விட்டு 6 வாரம் தாண்டியும் வீக்கம் இருந்தால் "அதோட மிச்சம்" என்று வீட்டில் உட்காராதீர்கள்.

அசதியைப் பற்றி யாருமே கேட்பதில்லை, நோயாளியும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றால் வீட்டில் சோம்பல் என்கிறார்கள். அழற்சியே அசதியைத் தரும். அதுபோக ஹீமோகுளோபின், தைராய்டு டிஎஸ்எச், சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல் இத்தனையும் ஒரு முறை பார்க்க வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ், ஆண்களுக்கு 13-க்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிச் சிறிது சிறிதாக இரத்தம் கசிந்தும் அது வரலாம். மலம் கருப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். அழற்சி இருக்கும்போது, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், 60 இருந்தாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். இரத்தசோகை இஎஸ்ஆரையும் ஏற்றிவிடும். 60 வயதுப் பெண்ணுக்கு இஎஸ்ஆர் 35 என்பது வயதுக்கு நார்மல். 100-ஐத் தாண்டினால் காசநோய், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமா வரை தேட வேண்டும்.

வைட்டமின் டி மிகவும் குறைந்தவர் தரையிலிருந்து கையூன்றாமல் எழச் சிரமப்படுவார். 60,000 யூனிட் பொடியை வாரத்துக்கு ஒன்று, 8 வாரம் என்று எழுதினால், நல்லாயிருக்கிறதே என்று வருடக்கணக்கில் சாப்பிடாதீர்கள். கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனால் உடம்பெல்லாம் வலி, தூங்கி எழுந்தாலும் தூங்கின திருப்தி இல்லை என்பவருக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கலாம். அவரிடம் "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்புவது வைத்தியமே இல்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது: ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். ஊசியில் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எண்ணெய் தடவி உருவிவிடாதீர்கள்.

அடுத்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் "செட்" மாத்திரை. வலி மாத்திரை ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று, கூட ஒரு கேஸ் மாத்திரை. ஒரே நாளில் பறக்கிற மாதிரி இருக்கும், இருக்கத்தான் செய்யும். பெயரில்லாத பொட்டலப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து வருவார்கள். 3 வாரத்துக்கு மேல் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது; வாந்தி, மயக்கம், பிரஷர் விழுதல் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதனால் அந்தப் பொடியைப் பற்றி எங்களிடம் மறைக்காதீர்கள். திட்ட மாட்டோம்.

முடக்குவாதம் உறுதியானால், அறிகுறி தொடங்கிய முதல் 3 மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்குவதுதான் விரல்களைக் காப்பாற்றும். பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். கூகுளில் தேடி "கேன்சர் மாத்திரை" என்று பயந்து தூக்கிப் போடுகிறார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது மிகக் குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கையைக் கையெடுத்துக் கும்பிட்டே சொல்கிறேன்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை படுத்து, உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று அட்டையின் மேல் பேனாவால் எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு கிழமையில். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாக இருக்கலாம், ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல் வந்தால் அந்த வார டோஸை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் ஆன்ட்டிபயாட்டிக் இதோடு சேரவே கூடாது. மது வேண்டாம். கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 2, 3 மாதத்துக்கு ஒருமுறையும் இரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். பணம் செலவழிக்க வேண்டிய டெஸ்ட் இதுதான். மருந்து பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரமே "கேட்கலை" என்று டாக்டரை மாற்றாதீர்கள்.

வீட்டாருக்குக் கொஞ்சம். துணி பிழிவது, தேங்காய் துருவுவது, குடத்தை விளிம்பில் விரல் மாட்டித் தூக்குவது, இந்த மூன்றையும் வேறு யாராவது செய்யுங்கள். காலையில் கையைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து மெதுவாக மடக்கி நீட்டட்டும். கனமான வேலையைக் காலை 6 மணிக்கு வைக்காமல் 10 மணிக்கு மேல் தள்ளினாலே பாதிச் சிரமம் குறையும். அரை மணி வேலை, ஐந்து நிமிடம் உட்கார்தல். வீக்கம் வடிந்தபின் நடைப்பயிற்சி அவசியம். படுத்தே கிடந்தால் அசதி கூடும். கத்தரிக்காய், புளி, உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி ஏற்கெனவே சோகை பிடித்தவரை மேலும் மெலிய வைக்க வேண்டாம். நிறுத்த வேண்டியது பீடி சிகரெட்.

எலும்பு டாக்டரா, ருமட்டாலஜி (மூட்டுவாத நோய்) டாக்டரா என்று கேட்பவர்களுக்கு: காலை விறைப்பும் பல மூட்டு வீக்கமும் இருந்தால் ருமட்டாலஜி. பக்கத்தில் இல்லையென்றால் பொது மருத்துவரே ஆரம்பிக்கலாம். வரும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பொட்டலத்தையும் கொண்டுவாருங்கள். விடியற்காலையில் வீங்கியிருக்கும் கையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். 11 மணிக்கு ஓபியில் உட்காரும்போது அந்த வீக்கம் பாதி வடிந்திருக்கும், முந்தின ராத்திரி வலி மாத்திரை போட்டிருந்தால் முழுக்கவே.