பீப்பாய்க்குள் ஒரு பூ

நாலு நாள் தென் ஸ்பெயினைச் சுற்றிவிட்டு வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஹெரெஸ் நகரில் ஓர் ஒயின் கிடங்குக்குப் போனபோது, ஒரு பக்கம் கண்ணாடி பொருத்திய பீப்பாயைக் காட்டினார்களாம். உள்ளே ஒயினின் மேல் பாலாடை மாதிரி, சுருக்கம் சுருக்கமாக ஒரு வெள்ளைப் படலம். “வீட்டில் ஊறுகாய் இப்படிப் பூத்தால் ஜாடியோடு தூக்கிப் போடுவோம். அங்கே அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். நானும் குடித்துவிட்டேன். ஏதாவது ஆகுமா?”

ஒன்றும் ஆகாது. ஆனால் ‘பூத்தால்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்காகவே இந்தக் கட்டுரை. அந்தப் படலத்துக்கு ஸ்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ளோர். பூ என்றுதான் அதற்கும் பொருள்.

ஹெரெஸ், செவில்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு. பழைய நாளில் ஊர்ப்பெயரை ‘ஷெரெஸ்’ என்பது போல உச்சரித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் ஒயினுக்கு ஷெரி என்று பெயர் வைத்தார்கள். அங்கே தபாங்கோ எனப்படும் பழைய மதுக்கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் பீப்பாய்களே நிற்கும். அதிலிருந்து நேராகச் சின்னக் கோப்பையில் பிடித்துக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள உப்பிட்டு உலர்த்திய டூனா, ஆட்டுப்பால் சீஸ். சில கடைகளில் ஃப்ளமெங்கோ என்ற ஆட்டமும் பாட்டும் உண்டு. அந்தக் கோப்பையில் இருப்பது ஃபினோ என்ற வெளிர்மஞ்சள் நிற ஷெரி வகை என்றால், அது முழுக்க முழுக்கப் பூவின் கைவேலை.

முதல் பகுதி பள்ளிக்கூடப் பாடம். பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து வைத்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும். பிறகு கொஞ்சம் திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹாலைச் சுமார் 15 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள். மீதி காற்றுக்கு.

சாதாரண ஒயின் ஈஸ்ட், சர்க்கரை தீர்ந்ததும் அடியில் படிந்து வண்டலாகிவிடும். ஹெரெஸ் ஈஸ்ட் அப்படிப் படுத்துவிடுவதில்லை. சோறு தீர்ந்தால் என்ன, சுற்றிலும் ஆல்கஹால் இருக்கிறதே, அதையே சாப்பிடலாம் என்று மாறிக்கொள்கிறது. தான் காய்ச்சியதைத் தானே குடிக்கிறது! ஆனால் ஆல்கஹாலை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருப்பதோ மேலே. ஈஸ்டுக்குத் துடுப்பும் இல்லை, வாலும் இல்லை. எப்படி ஏறுவது?

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஃப்ளோ-11 என்ற மரபணு முடுக்கப்பட்டு, செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் உருவாகிறது. அது தண்ணீரை விலக்கும் குணமுள்ளது. அதனால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கொத்தாகின்றன. அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் கொத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் என்ன, சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகும் பிள்ளைகளைப் போல, தங்கள் மூச்சையே மிதவையாக்கி எல்லாம் மேலே வந்துவிடுகின்றன. தனித்தனித் தீவுகளாகத் தொடங்கி, சில வாரங்களில் முழுப் பரப்பையும் மூடிவிடுகின்றன. பல ஹெரெஸ் ஈஸ்ட்களில் இந்த மரபணுவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் 111 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2006-இல் வெளியான ஸ்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. பிரேக் கழன்றதால் மரபணு வேகமாக ஓடுகிறது. மதுவைக் காய்ச்சும் நாட்டுக்காரர்கள் தங்கள் பீப்பாய்க்குள் இருப்பதன் மரபணு வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். ‘சாராய ஈஸ்டுக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்’ என்று யாராவது முகம் சுளிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 111 எழுத்துகள்தான் ஞாபகம் வரும்.

மேலே ஏறிய பூ இரண்டு வேலை செய்கிறது. வருகிற ஆக்சிஜனைத் தானே எடுத்துக்கொள்வதால் கீழே ஒயின் பழுப்பாகாமல் இருக்கிறது. ஆல்கஹாலை எரிக்கும் வழியில் உண்டாகும் அசிட்டால்டிஹைடில் ஒரு பகுதியைக் கீழே கசியவிடுகிறது. பச்சை ஆப்பிள், பாதாம் வாசனை அதனால்தான். (நம் ஈரல் ஆல்கஹாலை உடைக்கும்போது முதலில் உண்டாவதும் இதே பொருள்.) வழவழப்பைத் தரும் கிளிசரால் இருக்கிறதே, அதையும் தின்றுவிடுகிறது. ஃபினோ நாக்கில் வறண்டு, சுள்ளென்று இருப்பது அதனால்.

பூவுக்குச் சொகுசு வேண்டும். ஆல்கஹால் 17 சதவீதத்தைத் தாண்டினால் செத்துவிடும். அதிக வெயிலும் ஆகாது. அதனால்தான் கிடங்குகளைக் கோயில் மாதிரி உயரமாகக் கட்டி, கடல் காற்று வரும் பக்கம் ஜன்னல் வைத்து, கோடையில் மண்தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். சத்து தீர்ந்தாலும் வாடிவிடும் என்பதால், அடிவரிசைப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை மேல்வரிசையின் இளைய ஒயினால் நிரப்புவார்கள். நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதைக் கவிழ்த்துப் போட்ட கதை: இங்கே பழையதில் புதியதை ஊற்றுகிறார்கள். பீப்பாய் காலியாவதே இல்லை. முதல் ஆண்டு ஊற்றியதில் ஒரு துளி எப்போதும் மிச்சமிருக்கும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. அங்கே அமிர்தமாக இருந்த ஃபினோ, வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து மூன்று வாரத்தில் ஏன் சப்பென்று ஆனது? பாட்டிலில் அடைக்கும்போது பூவை வடிகட்டிவிடுகிறார்கள். திறந்தவுடன் ஆக்சிஜன் உள்ளே வரும். தடுக்க மேலே யாரும் இல்லை. அடுத்த முறை அரை பாட்டிலாக வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.