காடைத் தட்டில் இரும்பின் வேலை

ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள அரிதாவில், 17ஆம் நூற்றாண்டில் ககியெமோன் பாணிப் பீங்கான் உருவானது. பால்வெள்ளைத் தட்டின் ஓரமாக இரண்டு காடைகள், பக்கத்தில் தினைக்கதிர், கொஞ்சம் பூ. மீதி இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்து அங்கிருந்து பீங்கான் வரத்து தடைபட்டதும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதாவைத் தேடி வந்தது. 1710இல் தொடங்கிய ஜெர்மனியின் மைசன் ஆலை பிற்பாடு இந்தக் காடைகளை நகலெடுத்தது.

அழகு இருக்கட்டும். இந்த ஓவியங்களில் தெரியும் சிவப்பு நிறம் எப்படித் தட்டில் நின்றது?

பீங்கான் இறுக ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கோபால்ட் நீலம் அதைத் தாங்கும். அதனால் நீலத்தைக் கிளேஸுக்கு (தட்டின் மேல் படியும் கண்ணாடிப் பூச்சு) அடியிலேயே தீட்டிவிடலாம். சிவப்பு தாங்காது. அது இரும்பு ஆக்சைடின் நுண்துகள். அவ்வளவு சூட்டில் துகள்கள் கிளேஸில் கரைந்துவிடும். சூளையில் காற்றையும் குறைத்தால் இரும்பு ஆக்சிஜனை இழந்து, மிஞ்சுவது நீலப்பச்சைச் சாயல் மட்டுமே.

ஆகவே ஓவியத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். சுட்டு முடித்த வெள்ளைத் தட்டின் மேல் எனாமல் தீட்டி, தனியாக ஒரு சின்னச் சூளையில் சுமார் 800 டிகிரியில் மறுபடி சுட்டார்கள். எனாமல் என்பது கண்ணாடித் தூளோடு உலோக ஆக்சைடு கலந்தது. தூய மணல் உருக 1700 டிகிரி வேண்டும். ஈயம் சேர்ந்த கண்ணாடியோ அதில் பாதிச் சூட்டிலேயே இளகிக் கிளேஸோடு ஒட்டிக்கொள்கிறது. (அந்த ஈயத்தைப் புளிப்பு அரித்தெடுக்கும் என்பதால், பழைய தட்டு கையில் கிடைத்தால் அதில் ஊறுகாய் வைக்க வேண்டாம்.) செம்பு சேர்த்தால் பச்சை, மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா.

மஞ்சளுக்கு? அதுவும் இரும்புதான். இரும்பு கண்ணாடிக்குள் முழுக்கக் கரைந்தால் மஞ்சள். கரையாமல் துகளாகவே நின்றால் சிவப்பு. அதனால் சிவப்பில் கண்ணாடியைக் குறைவாகச் சேர்த்து மெல்லிசாகத் தீட்டுவார்கள். பச்சையும் மஞ்சளும் தடித்த கண்ணாடியாக மேலெழுந்து நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். சிவப்புக்கான மூலப்பொருள் அன்னபேதியை (இரும்புச் சல்பேட்) சுட்டுக் கிடைக்கும் பொடி. சித்த மருத்துவத்தின் அன்னபேதிச் செந்தூரம் சிவந்திருப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம். பொடி நுண்ணியதாக இருந்தால் நிறம் பளிச்சென்று இருக்கும். துகள் பருத்தால் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். அரைப்பதில் அவர்கள் அவ்வளவு பொறுமை காட்டியது சும்மா இல்லை.

என்னைக் கேட்டால், இவ்வளவிலும் கடினமானது அந்த வெள்ளைதான். பீங்கானுக்கு அரைக்கும் கல்லிலும் கிளேஸிலும் துளி இரும்பு இருந்தாலும் காற்றுக் குறைந்த சூளையில் நீலம் தட்டிவிடும்; அதன் மேல் சிவப்பு எடுபடாது. இரும்பு குறைந்த கற்களைத் தேர்ந்து அரைத்துக் கலந்து, அந்த நீலமே இல்லாத வெள்ளையை உண்டாக்கினார்கள். நிகோஷிதே என்று அதற்குப் பெயர். ஆனால் இந்த மண் சுடும்போது அதிகமாகச் சுருங்கும். சூளையிலேயே நிறையப் பாழாகும். 18ஆம் நூற்றாண்டில் இதைச் செய்வது நின்றே போனது. தலைமுறை தலைமுறையாக ககியெமோன் என்ற பெயரையே சூடும் குயவர் குடும்பத்தின் 12ஆம், 13ஆம் ககியெமோன்கள் பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு போராடி, 1953இல்தான் அதை மீட்டார்கள்.